வெளிச்சம் சுணங்கிய ஊர்

எங்கள் ஊருக்கு வந்து சேரும்போதே வெளிச்சம் களைத்துப் போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூரியனிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் எங்கேயும் உட்காராமல் வருகிற எதுவும் களைக்கத்தான் செய்யும், அதிலும் வந்து இறங்குகிற இடம் எள்ளங்குளமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிற மனிதனே முதலில் ஒரு நிழல் தேடி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உதறி, அப்புறம்தான் யார் வீட்டுக்கு வந்தோம் என்று யோசிக்கிறான். வெளிச்சமும் அதைத்தான் செய்தது. ஒரு சித்திரை மாதத்தில் அது எங்கள் ஊர்ப் பொருட்களுக்குள் நுழைந்து கொஞ்சம் கொஞ்சமாக உட்கார ஆரம்பித்தது, நாங்களும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதலில் கண்டுகொண்டது டீக்கடை தர்மக்கண்தான். பன் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடியில் பன் இருப்பது போலவே தெரியும், கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார், "கண்ணு முன்னால இருக்கு, குடுக்க மனசு வரலையாய்யா" என்று ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், அவர் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவிக் காட்டுவார், வெறும் ஜாடி, ஆனால் வெளியே இருந்து பார்த்தால் பன்கள் அசையாமல் இருக்கும், கை தெரியாது, அவர் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆன பிறகு ஜாடிக்குள் அவருடைய கை தானாக வந்து துழாவிவிட்டுப் போகும். இதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா. தர்மக்கண் ஜாடியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு எவர்சில்வர் டப்பா வாங்கி வைத்தார், விஷயம் அத்தோடு முடிந்தது.

அடுத்தது பஸ். காலை பஸ்ஸின் முன் கண்ணாடி வழியாக டிரைவருக்கு ரோடு காலியாகத் தெரிந்தது, ரோட்டில் ஒரு எருமை நின்றது, அது வந்து நின்ற வெளிச்சம் இன்னும் கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை, பஸ்ஸுக்குத்தான் மூக்கு உடைந்தது. அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு வருகிற எல்லா வண்டியும் முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் வரும், ஆண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புழுதி தின்றபடி சந்தைக்குப் போய்வரப் பழகிவிட்டோம்.

உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் ஆவுடைநாயகம் சார் மட்டும் இதில் கொஞ்சம் உற்சாகம் காட்டினார். ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில்தான் வெளிச்சத்துக்கு முழு வேகம், எதற்குள் நுழைந்தாலும் கொஞ்சம் சுணங்கும், தண்ணீரில் ஒரு சுணக்கம், கண்ணாடியில் அதைவிடக் கூடுதல், வைரத்தில் எல்லாவற்றையும்விடக் கூடுதல், இது உலகம் உண்டான நாளிலிருந்தே இப்படித்தான், மனிதன் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்துகொண்டிருந்தது இப்போது எங்கள் ஊரில் தெரிகிற அளவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். "ஆனா பாருங்க, வெளிய வந்ததும் அது மறுபடி பழைய வேகத்துக்குப் போயிரும், யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம்" என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எண்ணெய் மில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு மில்லை விட்டு வெளியே வந்தால் அவர்களுக்கு அப்படி எந்த வேகமும் திரும்பி வருவதில்லை.

எண்ணெயில்தான் அது சுகமாக உட்கார்ந்தது. நல்லெண்ணெய்க்குள் போன வெளிச்சம் அரைநாள் கழித்துத்தான் வெளியே வரும் என்று ஆனதும், வெயிலில் வைத்த எண்ணெய் பாட்டிலைச் சாயங்காலம் வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தால் மதிய வெயில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருக்கும், கரண்ட் போனால் மெழுகுவர்த்தி தேட வேண்டியதில்லை, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதின, பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள். மில்காரர் வீட்டம்மாளின் வைர மூக்குத்திக்குள் மட்டும் அது அந்தச் சித்திரைக்கு வெகுகாலம் முந்தியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும், மூக்குத்தி வருஷக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் மங்கிக் கிடந்துவிட்டு, அவர் கணவர் செத்துப் போன அன்றைக்குப் பார்த்து, கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, அவர்களுடைய கல்யாண ஊர்வலத்து காஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டது. அந்தம்மாள் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். வந்தவர்களும் பார்க்காதது போல இருந்துகொண்டார்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் இரட்டைச் சுணக்கம், தலை சீவுகிற முகம் சோறு வடிக்கிற நேரத்துக்குத்தான் கண்ணாடியில் வரும், ஆகவே பொட்டு நேராக இருக்கிறதா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டோம். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். போட்டால் தெளிவாகத் தெரியும், ஆனால் ஒரு நாழிகை முந்தி நடந்ததுதான் தெரியும். கழற்றினால் இப்போது நடப்பது தெரியும், ஆனால் மங்கலாகத்தான் தெரியும். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பெண் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றிப் படுத்த பிறகு, காலி இடத்தைப் பார்த்து, "உக்காரும்மா, கால் வலிக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது.

ஆனால் கழற்ற முடியாதவர்கள் சிலர் இருந்தார்கள். கண்புரை ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள். அந்தச் சின்னஞ்சிறு லென்ஸுக்குள் வெளிச்சத்துக்கு என்ன மெத்தை போட்டிருந்ததோ, ஒரு முழு நாள் அங்கேயே படுத்துக்கிடந்துவிட்டுத்தான் எழுந்தது. அவர்களுக்கு இன்று இந்த நேரம் தெரிவது நேற்று இந்த நேரம். கண்ணை மூடினாலும் நேற்று தெரிந்துகொண்டே இருக்கும், மூடியதன் இருட்டு நாளைக்குத்தான் வரும். பிறவிக் கண்ணுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறதே, அங்கே ஏன் சுணங்கவில்லை என்று கேட்டதற்கு ஆவுடைநாயகம் சாருக்குப் பதில் தெரியவில்லை. "உயிருள்ள எடத்துல போய் உக்காரக் கூச்சமா இருக்கும்" என்று மில்லில் ஒரு பெண் சொன்னாள், நாங்கள் அதையே வைத்துக்கொண்டோம்.

இவர்களைப் பிந்தினவர்கள் என்று கூப்பிட்டோம். இவர்கள் விஷயத்தில் ஊரே சேர்ந்து ஒரு தப்புச் செய்தது. பிந்தினவர்களைக் குருடர்கள் என்று நினைத்துக்கொண்டோம். அவர்கள் எதிரிலேயே மருமகள்கள் மாமியாரைப் போல நடந்து காட்டிச் சிரித்தார்கள், கோயில் தர்மகர்த்தா பிரசாதப் பொங்கலை வழித்துத் தின்றார், பங்காளிகள் வரப்பைக் கால் அடி தள்ளி வைத்தார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அத்தனையும் அவர்கள் கண்ணில் ஓடியது. "ஏட்டி, நான் அப்பிடியா நடக்கேன்?" என்று மாமியார் கேட்டதும்தான் மருமகளுக்கு உறைத்தது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டை நடந்து, ஒவ்வொரு வீடாகப் புத்தி வந்து, பிந்தினவர்கள் முன்னால் எல்லோரும் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தார்கள். புத்தி வராத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் சண்டை போடுவதற்குப் பேச்சு இல்லை.

அது கொம்பையா வீடு. எண்ணெய் டாங்கர் லாரி ஓட்டி, வயசாகி, கண்புரை வந்து, இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட மனிதர். அவர் மனைவி செண்பகவடிவு, எங்களுக்கு வடிவு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் ஓசூரில் இருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் கொம்பையாவின் தங்கை மகளுக்குச் சடங்கு வைத்திருந்த அன்று காலையில் வடிவின் அம்மா செத்துப்போனதாகப் போன் வந்தது, துஷ்டி வீடு என்று தெரிந்தால் வடிவு பந்தலுக்குள் நிற்கக் கூடாது, தாய்மாமன் பெண்டாட்டி இல்லாமல் சடங்கு நடக்கக் கூடாது, ஆகவே அவர் செய்தியைச் சாயங்காலம் வரைக்கும் தன்னோடேயே வைத்துக்கொண்டார், அவள் குலவை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டு, பந்தியில் பாயசம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை, அவருக்கும் வீம்பு, அவரும் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பேசாமலே பேரன் பேத்தி எடுத்தவர்கள் உண்டு. சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாயிடம் சொல்வது போலச் சொல்வார்கள், பாக்கியத்தாய் அங்கே இல்லாவிட்டாலும்கூட, "அக்கா, சோறு வெச்சாச்சுன்னு சொல்லுங்க" என்று இவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள், "மதினி, பசி இல்லைன்னு சொல்லுங்க" என்று அவர் முற்றத்தைப் பார்த்துச் சொல்வார், நாள் போகப் போக அதுவும் நின்று, பார்வையிலேயே காலம் ஓடியது. தட்டு வைத்தால் அவர் பார்ப்பார், வந்து உட்காருவார். குடையை எடுத்தால் அவள் பார்ப்பாள், அவர் வெளியே போகிறார். பார்வை மட்டும் சரியாக இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அந்தப் பார்வைதான் பிந்திப் போனது. அவருக்கு நேற்று வைத்த தட்டு தெரிந்தது, இன்று வைத்த தட்டில் கால் பட்டது. சொம்பு நேற்று இருந்த இடத்தில் கையை நீட்டினார், சொம்பு இன்று வேறு இடத்தில் இருந்தது. அவர் கேட்கவில்லை, காற்றில் துழாவிய கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். வடிவு அடுக்களை நிலையில் நின்று அதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இன்றைய நாளை நேற்றைய நாள் போலவே வைத்தாள். சொம்பு நேற்று இருந்த இடத்தில், ஸ்டூல் நேற்று இருந்த இடத்தில், சாப்பாடு நேற்று வைத்த நேரத்தில், காப்பி நேற்று கொடுத்த நேரத்தில். அப்போது அவர் கண்ணில் ஓடுகிற நேற்றும் கைக்குத் தட்டுப்படுகிற இன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திக்கொள்ளும், அவர் தடுமாறாமல் எடுப்பார், சாப்பிடுவார், எழுந்து கழுவப் போவார்.

எங்கள் ஊரில் எத்தனையோ கஷ்டமான வேலைகள் உண்டு, மில்லில் புண்ணாக்கு மூட்டை தூக்குவது உண்டு, செங்கல் சூளை உண்டு, ஆனால் ஒரு நாளை முந்தின நாள் மாதிரியே செய்து முடிப்பதைவிட அலுப்பான வேலை வேறு கிடையாது. அவளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது. விருந்தாளி வரக் கூடாது. ஒரு கல்யாணத்துக்குப் போனால் மறுநாள் அவர் கண்ணில் வெறும் வீடு தெரியும், கைக்குச் சாப்பாடு தட்டுப்படும், குழம்பிப்போய்க் கையை உதறுவார். ஆகவே அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் வந்த அன்றும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் சொம்பை வைத்துவிட்டுத்தான் படுத்தாள். செய்வது அவருக்குத் தெரிகிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவர் முகம் ஒன்றும் சொல்லவில்லை, வாயும் சொல்லவில்லை.

ஒரு நாள் மதியம் அவர் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்குத் தட்டைக் கவிழ்த்தி வைக்கப் போகும்போது, நேற்று எந்த மூலையில் கவிழ்த்தி வைத்தோம் என்று ஒரு யோசனை வந்தது. நினைவு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், ஒரு துணிப்பையில் இரண்டு சேலையும் சீப்பும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். இராஜபாளையத்தில் அவள் தங்கை இருக்கிறாள். வாசலுக்குப் போகிற வழியில் அவருக்கு நேராக நின்றாள். எத்தனையோ வருஷமாக அவர் முகத்தை நேராகப் பார்க்காதவள், இப்போது பார்த்தாள். இந்த மனுஷன் நேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே இல்லாத மாதிரிதான் என்ற தைரியத்தில், முகத்தில் என்ன இருந்ததோ அதை மறைக்காமல், வேண்டிய மட்டும் நின்று பார்த்தாள். இன்றைய சொம்பும் ஸ்டூலும் நாளைக்கு அவர் கண்ணில் வரும் என்று தினமும் கணக்குப் போட்டவளுக்கு, இந்த முகமும் நாளைக்கு வரும் என்பது தோன்றவில்லை. அப்புறம் படி இறங்கிப் போனாள்.

பஸ் ஸ்டாண்டில் இராஜபாளையம் பஸ் கண்ணாடி இல்லாத முகத்தோடு வந்து நின்றது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. அவள் சிமெண்டுப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். "ஏறலையா மதினி?" என்று தர்மக்கண் கேட்டார். "ஏறணும்" என்றாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வாசல்படியில் ஏறி, கையில் பையோடு அங்கேயே நெடுநேரம் நின்றாள். அவர் அதே கட்டிலில், அதே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காப்பி வழக்கமாக வருகிற இடத்தில் ஒரு கை நீட்டியபடி இருந்தது. அவள் உள்ளே போய்க் காப்பி போட்டு அந்தக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் வடிவு பழையபடி எழுந்து, பழையபடி எல்லாம் வைத்தாள். மதியம் அவர் சாப்பிட்டார். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து, அவள் தட்டைக் கழுவிக் கையில் எடுத்தபோது அவர் உடம்பு திடுக்கென்று நிமிர்ந்தது. கண் அவளைத் தாண்டி, அவள் நேற்று நின்ற இடத்தில் நிலைகுத்தி நின்றது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, ஊர் மருமகள்களுக்கெல்லாம் என்றைக்கோ விளங்கிப்போன அதே விஷயம். நேற்றைய முகம் வந்து சேர்ந்துவிட்டது. அதை அவளால் திருப்பி வாங்க முடியாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது, தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மதினி" என்றார் கொம்பையா. பல வருஷம் திறக்காத கதவு போல அவர் குரல் கரகரத்தது. "பாக்கியத்தா மதினி, நீங்கதான? நேத்துக் காப்பி நேரந்தாண்டி வந்தப்பவே நெனச்சேன், இது நீங்களாத்தான் இருக்கும்னு. அவ போயிட்டா மதினி. இந்தா, பையத் தூக்கிட்டு எனக்கு முன்னால நிக்கா."

வடிவு தட்டைச் சத்தமில்லாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"யாரும் தேடிப் போவ வேண்டாம். மககிட்டயும் சொல்லாதீங்க, அவ போனப் போட்டு ஏன் எதுக்குன்னு இவளைத்தான் கேப்பா. போவட்டும். நேத்து மாதிரியே இன்னைக்கு, இன்னைக்கு மாதிரியே நாளைக்குன்னு ஒரு மனுசி எம்புட்டு நாளைக்கு இருப்பா? சொம்ப வெச்ச எடத்துலயே வெச்சு, ஸ்டூல வெச்ச எடத்துலயே வெச்சு. எனக்குத் தெரியலைன்னு நெனச்சிருப்பா. மொத நாள்ல இருந்தே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல, பாருங்க, நானெல்லாம் ஒரு மனுசன்."

அவர் கண்ணை இறுக மூடினார். மூடி என்ன செய்ய, அவள் அங்கேயேதான் நின்றாள்.

"அவ அம்மை மூஞ்சியக் கடேசியா அவளுக்குக் காட்டாமப் பண்ணினவன் நான். இன்னைக்கு அவ மூஞ்சி எனக்கு முழுசாத் தெரியுது. வைவாளோன்னு பாக்கேன், வையலை. அழுவாளோன்னு பாக்கேன், அழுவலை. அலுத்துப் போயிருக்கா மதினி. வேற ஒண்ணுமில்ல. சுமை ஏத்துன மாடு மேட்டுல நின்னு பாக்குமே, அப்பிடிப் பாக்கா. அந்தா, படி எறங்குதா."

அவருக்கு நிஜமாகவே தெரியாதா, அத்தனை வருஷம் சாப்பிட்ட குழம்பின் ருசி சொல்லாதா, காலடிச் சத்தம் சொல்லாதா, அந்தக் காலத்தில் பேசிய மாதிரியே, அங்கே இல்லாத பாக்கியத்தாயைக் கூப்பிட்டு இவளிடம்தான் பேசினாரா என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. வடிவு அதை யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அவள் தட்டோடு நின்றாள். அடுக்களைக்குப் போய்விடலாம், பாக்கியத்தாயாகவே இருந்துகொண்டு நாளைக்கும் சொம்பு வைக்கலாம், வாயைத் திறக்கவே வேண்டாம். திறந்தால் அத்தனை வருஷக் கோபம் என்ன ஆவது, அவள் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது. அந்தக் கோபம் அவளுக்குச் சொந்தமான ஒன்று, அதை அவள் சுலபமாகக் கீழே போட விரும்பவில்லை. ஆனால் காலையிலிருந்து நின்றதில் கால் வலித்தது. அவள் ஸ்டூலை அது இருந்த இடத்திலிருந்து இழுத்தாள், தரையில் கிறீச்சென்று சத்தம் வந்தது, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பாக்கியக்கா ஊர்ல இல்ல. முந்தா நாளே மக வீட்டுக்குப் போயிட்டாக" என்றாள்.

கொம்பையாவின் கை அவள் இருக்கிற பக்கமாகத் துழாவி வந்து, அவள் முழங்கையைத் தொட்டு, தொட்டது சரிதானா என்று பார்ப்பது போல மறுபடி தொட்டது. அவருடைய கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. வாசலில் யாரும் இல்லை.

"வீடு வெறுசாக் கெடக்கு" என்றார்.

"கெடக்கட்டும். கொஞ்ச நேரந்தான்."

"எப்ப வருவ?"

"வெளக்கு வெக்கிற நேரத்துக்கு."

"அதுக்கு இன்னும் எவ்வளவோ கெடக்கே."

"ஆமா. எனக்கும் நேத்து அப்பிடித்தான் இருந்துச்சு."

அவர்கள் இரண்டு பேரும் அந்தச் சாயங்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். காலி வீட்டில் நடந்ததை எல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெயில் உரல் வரைக்கும் வந்துவிட்டது என்றார். பூனை வந்தது, மூடாமல் போட்டுவிட்டுப் போன பாலைக் குடிக்கிறது என்றார், "அதானா, திரிஞ்சு போச்சுன்னு நான் கொட்டிட்டேன்னுல்லா நெனச்சேன்" என்றாள் அவள். பாக்கியத்தாய் வீட்டுக் கோழி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது என்றார். அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, வெறும் தரை, வெறும் வாசல், அவர் அவள் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிடி அவ்வப்போது இறுகியது. காப்பி நேரம் வந்து போனது. அன்று அவள் காப்பி போடவில்லை. அம்மாவைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், "இன்னைக்கு வேண்டாம். அதுக்கு எனக்கு இன்னொரு நாள் தெம்பு வேணும்" என்றாள். சரி என்றார்.

வெயில் முற்றத்தை விட்டுப் போகும் சமயத்தில், "என்னத்துக்குத் திரும்பி வந்த?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். பாசம் என்று சொல்லலாம், பாவம் பார்த்து என்று சொல்லலாம், இரண்டும் பொய் இல்லை, ஆனால் நேற்று பெஞ்சை விட்டு எழுந்தபோது அவள் மனசில் இருந்தது அதில் எதுவும் இல்லை.

"அலுப்பா இருந்துச்சு. படுக்கணும் போல இருந்துச்சு. வேற எங்க போய்ப் படுக்க?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அது நியாயமான பதில் என்று அவருக்குத் தெரிந்தது, லாரியை எங்கே நிறுத்தினாலும் கடைசியில் அவரும் அதற்காகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். தெருவில் யார் வீட்டிலோ எண்ணெய் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தார்கள், அவர்கள் ஜன்னலில் மதிய வெயில் ஏறியது. அப்போது கொம்பையாவின் உடம்பு முன்னால் சாய்ந்தது. கண் அகன்றது.

"அந்தா வந்துட்ட" என்றார்.

வடிவும் வாசலைப் பார்த்தாள். அவளுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, இருட்டத் தொடங்கிய படியும் ஒரு ஜோடிச் செருப்பும்தான் தெரிந்தன. அவர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று அவள் உள்ளே வராமல் நின்ற நேரம் மறுபடி அப்படியே ஓடியது.

"ஏம் அங்கேயே நிக்க?" என்றார், வாசலைப் பார்த்து. "உள்ள வாயேன். எம்புட்டு நேரமா அதத் தூக்கிட்டு நிப்ப. பையக் கீழ வையி வடிவு, கை வலிக்கப் போவுது."

"வெச்சிட்டேங்க" என்றாள் அவள், பக்கத்திலிருந்து.